புழு குளவியாவதில்லை

(இணையவழி நேரலை இலக்கியக் கூடுகையில் ஆற்றிய உரையின் விரிவாக்கப்பட்ட எழுத்து வடிவம்)

உங்களில் சிலருக்கு இது காலைக் காபி நேரம், சிலருக்கு நள்ளிரவு. தூக்கத்தைத் தள்ளிவைத்து வந்திருப்பவர்களுக்குத் தனியாக நன்றி. இன்று நான் பேசப்போவது குளவிகளின் மரபியல் பற்றி, அதை மனிதர்கள் அறிந்துகொண்ட வரலாறு பற்றி. இலக்கியக் கூடுகையில் இதற்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். ஆகவே நமக்கெல்லாம் தெரிந்த ஓர் உவமையிலிருந்தே தொடங்குகிறேன்.

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பது நம் ஊர்ப் பேச்சு. குரு சீடனைக் கண்டிக்கும்போதும், ஆசிரியர் பிரம்பை எடுக்கும்போதும் இது வரும். வேதாந்த மரபில் இதற்கு பிரமர கீட நியாயம் என்று பெயரே உண்டு. குளவி ஒரு புழுவைத் தூக்கிவந்து மண்கூட்டில் அடைக்கிறது. அதைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. புழு குளவியையே நினைத்து நினைத்துக் கடைசியில் குளவியாகிப் பறந்துபோகிறது. இறைவனை இடையறாது நினைக்கும் ஆன்மா இறைத்தன்மை அடைவதற்கு இதைக் காட்டினார்கள். பழகிப்போனதால் இதன் அழகு நமக்கு உறைப்பதில்லை. அச்சமும் அன்பும் ஒன்றாகக் கலந்த ஒரு படிமம் இது.

இதே கதை சீனத்திலும் உண்டு. கன்பூசிய மரபின் தொன்மையான கவிதைத் தொகைநூலில், பச்சைப் புழுவின் குஞ்சுகளை மண்குளவி தூக்கிச்சென்று வளர்க்கிறது என்று ஒரு குறிப்பு வருகிறது. பிற்கால உரையாசிரியர்கள் அதை விரித்தார்கள். குளவிக்குப் பெண் இனமே இல்லை, ஆகவே அது பிறர் பிள்ளையை எடுத்துவந்து ‘என்னைப் போல் ஆகு’ என்று ஓதி ஓதித் தன் பிள்ளையாக்குகிறது என்றார்கள். தத்துப்பிள்ளைக்கு சீன மொழியில் அந்தப் பச்சைப் புழுவின் பெயரே சொல்லாக நிலைத்தது. நமக்குக் குருவாகத் தெரிந்த பூச்சி அவர்களுக்கு வளர்ப்புத் தந்தையாகத் தெரிந்திருக்கிறது.

ஆனால் சீனத்தில் ஒருவர் கூட்டை உடைத்துப் பார்த்தார். 456 முதல் 536 வரை வாழ்ந்த தாவ் ஹோங்ஜிங் என்ற மருத்துவ அறிஞர். தாவோ மரபைச் சேர்ந்தவர், மூலிகை நூல்களுக்கு உரை எழுதியவர். மண்கூட்டுக்குள் தினையளவு முட்டை இருப்பதை அவர் கண்டார். குளவி தன் முட்டையை இட்டுவிட்டு, பிறக்கப்போகும் குஞ்சுக்கு உணவாகவே சிலந்திகளையும் புழுக்களையும் அடைத்துவைக்கிறது என்று எழுதினார். புழு குளவியாவதில்லை; குளவிக்குஞ்சு புழுவைத் தின்று வெளியே வருகிறது. சுமார் 1500 ஆண்டுகளுக்கு முன்பு, லென்ஸ் இல்லாத காலத்தில், வெறுங்கண்ணால் சொல்லப்பட்ட உண்மை இது. ஆனாலும் அந்தக் கதை சீனத்தில் மறையவில்லை. அதன் பின்னும் பல நூற்றாண்டுகள் இரண்டும் அருகருகே வாழ்ந்தன.

*

மண்கூடு கட்டும் குளவி வேட்டைக்காரன். இரையை மயக்கித் தூக்கிவந்து சேமிக்கிறது. இதற்கு இன்னும் பெரிய உறவுக்கூட்டம் ஒன்று இருக்கிறது. அவை கூடு கட்டுவதில்லை. உயிரோடு நடமாடும் புழுவின் உடம்பையே கூடாக்கிக்கொள்கின்றன. தாய்க் குளவி ஊசிபோன்ற குழலால் புழுவின் உடலுக்குள் முட்டையை இறக்கிவிட்டுப் போய்விடும். புழு வழக்கம்போல் இலை தின்னும். உள்ளே குளவிக்குஞ்சுகள் அதன் உடல்நீரையும் கொழுப்பையும் தின்று வளரும். உயிர்காக்கும் உறுப்புகளை இறுதிவரை தொடாது. வளர்ந்து முடிந்ததும் தோலைத் துளைத்து வெளியேறும், புழு சாகும்.

ஒட்டுண்ணி என்று இதைச் சொல்லிவிட முடியாது. பேனும் உண்ணியும் தாங்கள் ஒட்டியிருக்கும் உயிரைக் கொல்வதில்லை. வேட்டை விலங்கு என்றும் சொல்ல முடியாது. புலி பல மான்களைக் கொல்கிறது. இந்தக் குஞ்சு ஒரே ஓர் உடலில் பிறந்து அதிலேயே வளர்கிறது. ஃபின்லாந்தின் பூச்சியியலாளர் ஓடோ ராய்ட்டர் 1913-இல் இதற்கென ‘பாராசிட்டாய்டு’ என்ற தனிச்சொல்லை உருவாக்கினார். ஒட்டுண்ணி போன்றது என்று பொருள். நம் வேளாண் துறையினர் ஒட்டுண்ணிக் குளவி என்கிறார்கள். நானும் அந்தப் பெயரையே பயன்படுத்துகிறேன்.

ஐரோப்பாவில் இதை அறிந்த கதையும் ஓர் உருமாற்ற மயக்கத்தில்தான் தொடங்குகிறது. 17-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் மிடில்பர்க் நகரில் யோஹன்னஸ் குடார்ட் என்ற ஓவியர் புழுக்களை வளர்த்து வரைந்துவந்தார். ஒரே வகைப் புழு சில சமயம் பட்டாம்பூச்சியாகிறது, சில சமயம் அதிலிருந்து சின்னச்சின்ன ஈக்கள் கூட்டமாக வருகின்றன. ஒரு புழு இருவேறு உயிர்களைப் பெறும் என்று அவர் நினைத்தார். கண்டதை ஒளிக்காமல் வரைந்துவைத்ததால் அது பின்னால் வந்தவர்களுக்கு உதவியது. 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லீவன்ஹூக் அசுவினிப் பூச்சிகளுக்குள் வளரும் குளவிகளைக் கவனித்தார். இத்தாலியில் வல்லிஸ்னெரியும் அதே காலத்தில் அந்த ஈக்களின் தாய் வேறு என்று விளக்கினார். தாவ் ஹோங்ஜிங் சொன்ன இடத்துக்கு ஐரோப்பா 12 நூற்றாண்டுகள் கழித்துத் தனியாக நடந்துவந்து சேர்ந்தது.

வந்து சேர்ந்ததும் அவர்களுக்கு ஒரு சங்கடம் தொடங்கியது. படைப்பின் ஒழுங்கில் கடவுளின் கருணையைக் காட்டுவது அன்றைய இயற்கை அறிஞர்களின் பணி. அவர்களில் பலர் பாதிரியார்கள். சிங்கம் மானைக் கொல்வதற்கு அவர்களிடம் பதில் இருந்தது. முதுமையில் நோயுற்று நைந்து சாவதைவிட அது விரைவான சாவு என்றார்கள். குளவிக்கு அந்தப் பதில் பொருந்தவில்லை. இது மெதுவான சாவு. திட்டமிட்டதுபோல் மெதுவான சாவு.

1860 மே 22 அன்று சார்லஸ் டார்வின் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருடைய உயிரினங்களின் தோற்றம் வெளிவந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கிரே ஆழ்ந்த இறைநம்பிக்கையாளர், டார்வினின் கொள்கையை அமெரிக்காவில் தாங்கிப்பிடித்தவரும் அவரே. உயிருள்ள புழுக்களின் உடலுக்குள் தின்று வளர்வதற்கென்றே இந்தக் குளவிகளை, நன்மையும் எல்லா வல்லமையும் கொண்ட கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்று அதில் டார்வின் எழுதினார். பலரும் மேற்கோள் காட்டும் பகுதி இது. அதே கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. இந்த அற்புதமான பிரபஞ்சம் வெறும் மூர்க்க விசையின் விளைவு என்று சொல்லவும் தனக்கு மனம் வரவில்லை என்கிறார். இது மனித அறிவுக்கு மிஞ்சிய விஷயம், நியூட்டனின் மனதை ஒரு நாய் ஊகிக்க முயல்வதுபோல என்கிறார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு தன் பத்து வயது மகள் ஆனியை நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். வெற்றிபெற்ற ஒருவரின் அறைகூவலாக அந்தக் கடிதத்தை என்னால் வாசிக்க முடிவதில்லை.

குரு, வளர்ப்புத் தந்தை, கொடிய படைப்புக்குச் சாட்சி. இந்த மூன்று வேடங்களும் நாம் போட்டவை. இதற்குப் பின் வந்தவர்கள் வேறுவகைக் கேள்விகளைக் கேட்டார்கள். இந்தக் குளவிக்கு எத்தனை பெண் பிறக்கிறது, எத்தனை ஆண் பிறக்கிறது, ஏன்?

*

இந்தக் கேள்வியின் வேர் ஒரு தேனீ வளர்ப்பவரிடம் இருக்கிறது. சைலீசியாவைச் சேர்ந்த கத்தோலிக்கப் பாதிரியார் யோஹன் ஜீர்ஸோன், 1845-இல் ஆண் தேனீக்கள் கருவுறாத முட்டையிலிருந்து பிறக்கின்றன என்று அறிவித்தார். ஆண் தேனீக்குத் தந்தை இல்லை, தாத்தா உண்டு. மகன்களும் இல்லை, பேரன்கள் உண்டு. இந்த விசித்திர வம்சாவளி தேனீ, எறும்பு, குளவி என்ற மொத்தக் குலத்துக்கும் பொது. தாய்க் குளவி கலவியின்போது பெற்ற விந்தணுவைத் தன் உடலில் ஒரு சிறு பையில் சேமித்துவைக்கிறது. முட்டையிடும்போது அந்தப் பையைத் திறந்தால் பெண், திறக்காவிட்டால் ஆண். பெண்ணுக்கு இரண்டு தொகுதிக் குரோமோசோம், ஆணுக்கு ஒரே தொகுதி.

அமெரிக்காவில் ஃபினியஸ் வைட்டிங், மாவு அந்துப்பூச்சியின் புழுக்களைத் தாக்கும் ஹேப்ரோபிராக்கான் என்ற சிறு குளவியை எடுத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் உழைத்தார். அவருடைய மனைவி ஆனா வைட்டிங்கும் அதே துறையில் முன்னோடி. அண்ணன் தங்கையாகப் பிறந்த குளவிகளை இணைசேர்த்தால் கணக்கு உதைத்தது. கருவுற்ற முட்டையிலிருந்தும் ஆண் பிறந்தது. வைட்டிங் கண்ட விடை இது. பால் நிர்ணயத்துக்கு ஒரு மரபணு இருக்கிறது, அதற்குப் பல மாற்று வடிவங்கள் உண்டு. இரண்டு வேறு வடிவங்கள் சேர்ந்தால் பெண். ஒன்று மட்டும் இருந்தால் ஆண். ஒரே வடிவம் இரண்டு இருந்தாலும் ஆண்தான், ஆனால் சந்ததிக்கு உதவாத ஆண். நெருங்கிய உறவில் கலந்தால் பெண்ணாக வேண்டிய முட்டைகளில் பாதிவரை இப்படி வீணாகும். 1943-இல் அவர் இதை முழு வடிவில் வெளியிட்டார். 60 ஆண்டுகள் கழித்து, 2003-இல், தேனீயில் அந்த மரபணு உண்மையாகவே கண்டுபிடிக்கப்பட்டது. நடுவில் 1967-இல் அமெரிக்காவின் பயோசாட்டிலைட் 2 விண்கலத்தில் இந்தக் குளவிகளும் ஏறிப் பூமியைச் சுற்றிவந்தன என்பது ஒரு கிளைக்கதை.

அதே 1967-இல் டபிள்யூ. டி. ஹாமில்டன் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஆண், பெண் விகிதம் ஏன் பெரும்பாலும் சரிபாதியாக இருக்கிறது என்பதற்கு ஃபிஷர் 1930-இலேயே விளக்கம் தந்திருந்தார். ஆண்கள் குறைவாக இருந்தால் ஆணைப் பெறுபவருக்கு லாபம், பெண்கள் குறைவாக இருந்தால் பெண்ணைப் பெறுபவருக்கு லாபம். தராசு தானாகவே நடுவில் நிற்கும். ஹாமில்டன் இதற்கு அடங்காத உயிர்களின் பட்டியலை முன்வைத்தார். அதில் ஒட்டுண்ணிக் குளவிகள் நிறைய. ஒரே புழுவுக்குள் பிறந்த உடன்பிறப்புகள் அங்கேயே இணைசேரும் இனங்கள் அவை. அங்கே ஒரே ஒரு தாய்தான் முட்டையிட்டிருக்கிறாள் என்றால், அவளுடைய மகன்கள் தங்களுக்குள்ளேயே போட்டியிடுவார்கள். தேவைக்கு மேற்பட்ட மகன் வீண் செலவு. எல்லாப் பெண்களையும் கருவுறச்செய்யப் போதுமான ஓரிரு ஆண்களைப் பெற்றுவிட்டு மற்றதெல்லாம் பெண்ணாக இடுவதே அவளுக்கு நல்லது. அதே இடத்தில் இரண்டு தாய்கள் இட்டால் ஆணின் பங்கு நான்கில் ஒன்றாக வேண்டும், மூவர் இட்டால் மூன்றில் ஒன்று. தாய்கள் கூடக்கூட விகிதம் பாதியை நெருங்கும்.

காகிதத்தில் போட்ட கணக்கு இது. குளவி இதைச் செய்கிறதா? ஈக்களின் கூட்டுப்புழுவில் முட்டையிடும் நாசோனியா என்ற குளவியில் ஜான் வெரன் 1980-களின் தொடக்கத்தில் இதைச் சோதித்தார். தனியாக இட்ட தாய் மிகக் குறைவான ஆண்களையே பெற்றாள். ஏற்கனவே இன்னொருத்தி முட்டையிட்ட கூட்டுப்புழுவுக்கு வந்த இரண்டாம் தாய் தன் மகன்களின் எண்ணிக்கையை உயர்த்தினாள். ஹாமில்டனின் வளைகோட்டுக்கு நெருக்கமாகவே எண்கள் விழுந்தன. பரிணாமவியல் ஓர் எண்ணை முன்கூட்டிச் சொல்லி, அது ஆய்வகத்தில் தேறிய சம்பவங்கள் அதிகம் இல்லை. எள்ளளவுள்ள ஒரு பூச்சி அதற்கு இடம்தந்தது.

கவனித்தால் இங்கே ஒரு முரண் இருக்கிறது. வைட்டிங்கின் குளவியில் உடன்பிறப்புக் கலவி பேரிழப்பு. நாசோனியாவில் அதுவே அன்றாடம். இது எப்படி முடிகிறது? நாசோனியா பாலை வேறு வழியில் தீர்மானிக்கிறது. தாயின் முத்திரை பதிந்த மரபணுத்தொகுதி தனியாக இருந்தால் ஆண், தந்தையிடமிருந்தும் ஒரு தொகுதி வந்தால் பெண் என்று 2010-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். அங்கே ஒரே வடிவம் இரண்டு வந்தாலும் பிழை நேராது. ஒரே குலத்தில் ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள். ஒவ்வொரு விடையும் அந்தந்தக் குளவியின் மணவாழ்க்கைக்கு ஏற்ப அமைந்திருக்கிறது.

*

இதுவரை சொன்னதில் தாய் கணக்காக நடந்துகொள்கிறாள். அந்தக் கணக்கை உள்ளிருந்தே கெடுப்பவையும் உண்டு. நாசோனியாவின் சில ஆண்களில் கூடுதலாக ஒரு குட்டிக் குரோமோசோம் இருக்கிறது. 1988-இல் அது விவரிக்கப்பட்டது. அது விந்தணுவில் ஏறி முட்டைக்குள் போகும். போனதும் தன்னோடு வந்த தந்தையின் குரோமோசோம்கள் அனைத்தையும் அழியச்செய்யும். தாயின் ஒரு தொகுதி மட்டும் மிஞ்சுவதால் பெண்ணாக வேண்டிய கரு ஆணாகிவிடும். அந்த ஆணின் எல்லா விந்தணுக்களிலும் குட்டிக் குரோமோசோம் மறுபடி ஏறிக்கொள்ளும். ஏறிவந்த வண்டியை ஒவ்வொரு தலைமுறையிலும் கொளுத்திவிட்டு அடுத்த வண்டிக்கு மாறும் பயணி என்று இதைச் சொல்லலாம்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. கரும்புத் துளைப்பானைக் கட்டுப்படுத்த நம் வயல்களில் அட்டை அட்டையாகக் கட்டுகிறார்களே, அந்த டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணியின் குலத்தில் ஆணே இல்லாத வம்சங்கள் இருக்கின்றன. பெண் பெண்ணையே பெறும். 1990-இல் ரிச்சர்ட் ஸ்டவுட்ஹாமர், லக், ஹாமில்டன் ஆகியோர் அவற்றுக்கு ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்கள் பிறக்கத் தொடங்கினார்கள். ஆணை இல்லாமல் செய்துகொண்டிருந்தது உள்ளே குடியிருந்த பாக்டீரியா. அது தாயின் முட்டை வழியே மட்டும் அடுத்த தலைமுறைக்குப் போவது. ஆணால் அதற்குப் பயன் இல்லை. அதன் பெயர் வோல்பாக்கியா என்பது பிறகு தெளிவாயிற்று.

ஆக, ‘குளவி’ என்று நாம் ஒருமையில் சொல்வது ஒருமை அல்ல. மரபணுக்கள், கூடுதல் குரோமோசோம்கள், பாக்டீரியாக்கள் ஆகியவை தத்தம் நலனுக்காகப் பேரம்பேசும் ஒரு சந்தை அது. 2010-இல் நாசோனியாவின் மூன்று இனங்களுடைய மரபணுத்தொகை வெளியிடப்பட்டபோது இந்தச் சந்தையின் வரைபடம் கைக்கு வந்தது.

இந்தச் சந்தையின் மிகப்பழைய உடன்படிக்கையை இனிச் சொல்கிறேன். புழுவின் உடம்புக்குள் அந்நியப் பொருள் நுழைந்தால் அதன் இரத்த அணுக்கள் சூழ்ந்து கூடுபோல் மூடி மூச்சடைக்க வைத்துவிடும். குளவியின் முட்டை மட்டும் எப்படித் தப்புகிறது? கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் சால்ட் வாழ்நாள் முழுக்க இந்தக் கேள்வியோடு இருந்தார். 1970-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், தாய்க் குளவியின் சூலகத்தில் வைரஸ் போன்ற துகள்கள் கோடிக்கணக்கில் மிதப்பதைக் கண்டார்கள். 1981-இல் எட்சன், வின்சன், ஸ்டோல்ட்ஸ், சம்மர்ஸ் ஆகியோர் அந்தத் துகள்களே புழுவின் எதிர்ப்பை முடக்குகின்றன என்று நிறுவினர். முட்டையோடு சேர்ந்து அவையும் புழுவுக்குள் ஏற்றப்படுகின்றன. புழுவின் அணுக்களில் புகுந்து எதிர்ப்பைத் தளர்த்துகின்றன. ஆனால் அங்கே அவை பெருகுவதில்லை. பெருகுவதற்கான வழிமுறை முழுவதும் குளவியின் குரோமோசோமில் எழுதப்பட்டிருக்கிறது.

அப்படியென்றால் அது வைரஸா, குளவியின் ஓர் உறுப்பா? 2009-இல் பிரான்சின் தூர் நகர ஆய்வாளர்கள் இதற்கு விடை தந்தார்கள். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, டைனோசார்கள் நடமாடிய காலத்தில், பூச்சிகளைத் தாக்கும் ஒரு வைரஸ் ஒரு குளவியின் மரபணுத்தொகையில் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது. துகளைக் கட்டும் வேலையை வைரஸ் மரபணுக்கள் இன்றும் செய்கின்றன. துகளுக்குள் ஏற்றப்படும் சரக்கு மட்டும் குளவியுடையது. இன்னொரு குளவிக் குடும்பத்தில் வேறொரு வைரஸோடு இதே போன்ற ஒப்பந்தம் தனியாக நடந்திருக்கிறது.

புழுக்கள் தரப்பிலும் கூட்டாளிகள் உண்டு. அசுவினிகளுக்குள் வாழும் ஒரு பாக்டீரியா, தன்னைத் தொற்றிய வைரஸ் தரும் நஞ்சைக்கொண்டு உள்ளே வளரும் குளவிக்குஞ்சைக் கொல்கிறது. அதற்கு ஹாமில்டனின் நினைவாக ஹாமில்டொனெல்லா என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

*

இப்போது என் தலைப்புக்கு வருகிறேன். புழு குளவியாவதில்லை என்றேன். 2015-இல் தூர், வாலென்சியா ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பட்டுப்புழு, மொனார்க் பட்டாம்பூச்சி, மக்காச்சோளத்தை அழிக்கும் படைப்புழு முதலியவற்றின் மரபணுத்தொகையில் குளவி வைரஸின் துண்டுகள் நிரந்தரமாகப் பதிந்திருக்கின்றன. என்றோ ஒரு குளவி தனக்கு உரியதல்லாத புழுவைக் கொட்டியிருக்கலாம். முட்டை பிழைக்கவில்லை. புழு பிழைத்தது. ஏற்றப்பட்ட வைரஸின் ஒரு துண்டு அதன் இனப்பெருக்க அணுவில் ஒட்டிக்கொண்டது. பிள்ளைகளுக்கும் போனது. அவற்றில் சில இன்று வேலையும் செய்கின்றன. வேறு வைரஸ்களிடமிருந்து புழுவைக் காக்கின்றன.

அதாவது, கொட்டுப்பட்டுப் பிழைத்த சில புழுக்கள் குளவியின் ஒரு துளியைத் தமக்குள் வைத்துக்கொண்டன.

இதைச் சொன்னதும் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நாளைக் காலை ஏதாவது ஒரு வாட்ஸாப் குழுவில், ‘குளவி கொட்டினால் புழுவின் மரபணு மாறும் என்று நம் முன்னோர் அன்றே சொன்னார்கள், இன்று விஞ்ஞானம் ஒப்புக்கொண்டது’ என்று ஒரு செய்தி உலவும். அயலில் வாழும் நம்மிடையே இந்த ஆசை ஒருபடி அதிகம். பிள்ளைகளுக்குக் கொடுக்க நம்மிடம் பெருமைக்குரிய ஏதாவது இருக்க வேண்டும் என்ற தவிப்பு அதன் பின்னால் இருக்கிறது. அந்தத் தவிப்பை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் இந்த உவமையை இயற்றியவர்கள் பூச்சியியல் எழுதவில்லை. ஒருவன் இன்னொருவனிடம் தன்னை ஒப்புக்கொடுத்து மாறிப்போகும் அனுபவத்தைச் சொல்ல ஒரு படிமம் தேடினார்கள், கூரை விளிம்பில் கிடைத்தது. அவர்கள் மெய்யாகச் சொன்னது மனிதனைப் பற்றி. அதை மரபணு அறிவியலாக்கினால் அந்த மெய்யும் போகும், அறிவியலும் போகும். மறுபுறம், கூட்டை உடைத்துப் பார்த்த தாவ் ஹோங்ஜிங்கின் பெயர் நம் பிள்ளைகளுக்கும் உரியது. பார்த்ததைப் பார்த்தபடி சொல்லும் மரபுக்கு நாட்டு எல்லை இல்லை.

நான் சொல்லவந்த வரலாற்றில் இந்த இரண்டு மரபுகளும் முட்டிக்கொள்வதே இல்லை என்று சொல்லமாட்டேன். முட்டிக்கொள்கின்றன. குளவிக்குள் கருணை இல்லை என்று அறிந்தபின் அந்தப் பழமொழி காதில் பழையபடி விழாது. பிரம்பைக் கையில் எடுத்த ஆசிரியர் அதைச் சொல்லும்போது, கூட்டுக்குள் உண்மையில் தின்னப்படுவது யார் என்று இப்போது நமக்குத் தெரியும். அடித்து வளர்ப்பதற்கு அழகான நியாயமாக அது இனியும் இருக்க முடியாது. இது இழப்பென்றால் நல்ல இழப்பு.

*

கொடூரம் என்று தோன்றும் இந்த வாழ்க்கைமுறையின் வயதையும் சொல்ல வேண்டும். பிரான்சின் கெர்சி பகுதியில் கிடைத்த ஈக்களின் கல்லாகிப்போன கூட்டுப்புழுக்கள் 1510-ஐ 2018-இல் எக்ஸ்கதிர் கொண்டு ஊடுருவிப் பார்த்தார்கள். 55 கூட்டுப்புழுக்களுக்குள் வளர்ந்த குளவிகள் அப்படியே இருந்தன. மூன்றரைக் கோடி ஆண்டுகளாக வெளியே வர முடியாமல் காத்திருந்தவை. அவற்றில் ஓர் இனத்துக்கு ஏலியன் படத்து வேற்றுலக உயிரை நினைவூட்டும் பெயரை வைத்தார்கள். மரபணு ஒப்பீடுகள் இன்னும் பின்னால் போகின்றன. ஒட்டுண்ணி வாழ்க்கை இந்தக் குலத்தில் 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு தோன்றியது. அதன் ஒரு கிளையில் முட்டையிடும் குழல் நஞ்சுக்கொடுக்காக மாறியது. மண்கூட்டுக் குளவியும் எறும்பும் தேனீயும் அந்தக் கிளையில் வந்தவை. உழைப்புக்கும் ஒற்றுமைக்கும் நாம் எடுத்துக்காட்டும் தேனீ, புழுவுக்குள் வளர்ந்த மூதாதையின் பேத்தி.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. மரவள்ளி மாவுப்பூச்சி தென்னமெரிக்காவிலிருந்து 1970-களில் ஆப்பிரிக்கா சென்றது. அதிலும் ஆண் இல்லை, பெண் பெண்ணையே பெற்றுப் பெருகும். மரவள்ளியே சோறாக இருந்த நாடுகள் தவித்தன. நைஜீரியாவின் இபாதான் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் ஹெரன் குழுவினர், அதன் இயற்கை எதிரியான அனாகைரஸ் லோபெஸி என்ற குளவியைத் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து 1981 முதல் ஆப்பிரிக்க வயல்களில் விட்டார்கள். பூச்சி அடங்கியது. 1995-இல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. பின்னர் தாய்லாந்தில் அதே பூச்சி, அதே குளவி, அதே முடிவு. 2020-இல் அது கேரளத்தில் தென்பட்டு, பிறகு சேலம், நாமக்கல் வயல்களுக்கு வந்தது. ஜவ்வரிசி ஆலைகளை நம்பி மரவள்ளி போட்டிருந்த விவசாயிகளுக்குப் பெருத்த அடி. பெங்களூரின் தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து குளவியைத் தருவித்துப் பெருக்கி, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டது. பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் வந்தபோதும் 2010-இல் தருவிக்கப்பட்ட வேறொரு சிறு குளவிதான் காப்பாற்றியது.

டார்வின் கடிதத்தில் துயரத்தோடு குறிப்பிட்ட அதே உறவு இது. மாவுப்பூச்சியின் இடத்தில் நின்று பார்த்தால் எதுவும் மாறவில்லை. மரவள்ளிக்கிழங்கை அவித்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பவரின் இடத்தில் நின்றால் அந்தக் குளவியே உதவி. குளவி இரண்டையும் அறியாது. அது தன் மகள்களுக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் இன்னொரு தாய் முட்டையிட்டிருக்கிறாளா என்பது சில இனங்களில் அதற்குத் தெரிகிறது. இவ்வளவையும் நாம் தெரிந்துகொண்டது, அதைக் குருவாகவோ கொலைகாரனாகவோ பார்க்காமல் குளவியாகப் பார்த்துச் சலிக்காமல் எண்ணிக்கொண்டிருந்த சிலரால். அவர்களுடைய பொறுமையைப் பற்றிப் பேசவே இன்று வந்தேன். கேள்விகள் இருந்தால் பேசலாம்.